காதைத் தொட்ட கை

முதலில் அந்தப் பேனாவை மூடி வையுங்கள் தம்பி. நான் பேசி முடித்த பிறகு எழுதிக்கொள்ளலாம். ஒருவன் பேசப் பேச எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. போன மாதம் ஒரு டிவிக்காரப் பெண் இதே நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனாள். அங்காளஈஸ்வரியைச் 'சரியான அடங்காப்பிடாரி' என்று நான் சொன்னேன். 'சின்ன வயதிலேயே துறுதுறுவென்று இருப்பார் என்கிறார் அவருடைய தலைமையாசிரியர்' என்று டிவியில் வந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள் கேள்வி புரிந்துவிட்டது. திரும்பச் சொல்ல வேண்டாம். இது பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கடிதத்தின் நகல். நல்லமுத்தன்பட்டி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் ச. குருவையா, அதாவது நான், எழுதிக் கொடுத்ததாக இருக்கிறது. மாணவி அங்காளஈஸ்வரியின் பிறந்த தேதி பள்ளியில் தவறாக எழுதப்பட்டுவிட்டது, உண்மையில் அவளுக்கு ஒரு வயது குறைவு என்று இருக்கிறது. இதை வைத்துத்தான் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களின் பேஸ்பால் அணியில் அவளை முதன்முதலில் சேர்த்தார்கள். இப்போது எவனோ பெயர் போடாமல் மனு தட்டியிருக்கிறான், கடிதம் பொய் என்று. உங்கள் சங்கம் உங்களை அனுப்பியிருக்கிறது. கீழே இருக்கிற கையெழுத்து என்னுடையதா இல்லையா. ஆமாம் என்றால் மனு குப்பைக்குப் போகும். இல்லை என்றால் அவளை இந்திய அணியிலிருந்து தூக்குவீர்கள், ஜப்பானில் அவள் ஆடுகிற கம்பெனி டீமுக்கும் தாள் போகும். அவ்வளவுதானே?

என்னுடையது இல்லை தம்பி. நான் போடவில்லை.

பேனாவைத் தொடாதீர்கள் என்றேனே. ஏன் போடவில்லை, யார் போட்டிருப்பான், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு எழுதுங்கள். வெறும் 'இல்லை'யை மட்டும் எழுதிக்கொண்டு போனால் நாளைக்கு இந்த ஊர் என்னைப் பொறாமை பிடித்த கிழவன் என்று சொல்லும்.

ஊரைப் பற்றிச் சொல்கிறேன். வருகிற வழியில் பஸ் ஸ்டாப்பில் பேனர் பார்த்திருப்பீர்கள். 'மண்ணின் மகளே வருக'. அவள் படம் தபால்தலை அளவு. சுற்றிலும் பதினேழு ஆண்பிள்ளைகள் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். மேல் வரிசையில் மூன்றாவது ஆள், பெரிய மீசை, அவளுக்கு முதல் பந்து வாங்கிக் கொடுத்தது தான்தான் என்று பேட்டி கொடுத்தான். அவள் எறிந்த கல் அவன் வீட்டு ஓட்டை உடைத்தது. அதற்காக அவள் ஆத்தாளைத் தெருவில் நிறுத்தி அவன் பேசிய பேச்சு என் காதில் இன்னும் இருக்கிறது. இப்போது பந்து வாங்கிக் கொடுத்தானாம். டீக்கடைக்காரர், போஸ்ட்மேன், கோயில் பூசாரி, ஆளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். எல்லாரும் அவளைத் தூக்கி வளர்த்தவர்கள். இத்தனை பேர் தூக்கியிருந்தால் அந்தப் பிள்ளை தரையில் காலே வைத்திருக்க முடியாது. பார்க்கப் பார்க்கக் குமட்டுகிறது.

இந்த ஊரில் பொய் சொல்லாத வாய் ஒன்று உண்டென்றால் அது இதுதான். முப்பத்தாறு வருடம் பதிவேடு எழுதிய கை. ஓர் அடித்தல் திருத்தல் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்.

அவளைப் பள்ளியில் சேர்த்ததே நான்தான். 2004 ஜூன். அவள் ஆத்தா சீனியம்மாள் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிக்காய் விற்கிறவள். காலை ஒன்பதரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தலையில் கூடை, கையில் பிள்ளை. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டால் கை காலியாகும் என்று வந்து நின்றாள்.

"பிறப்புச் சான்றிதழ் இருக்கா?"

"வீட்டுலதான சார் பெத்தேன். அதுக்கு யாரு எழுதிக் குடுப்பா?"

"வயசு எத்தனை?"

"வர்ற ஆடி வந்தா நாலு முடியுது சார். அம்மனுக்குக் கூழு ஊத்துன அன்னிக்குப் பொறந்தா."

நீங்கள் இந்தக் காலத்துப் பிள்ளை, உங்களுக்குத் தெரிந்திருக்காது. சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு வயது பார்க்க நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொல்வோம். தொட்டால் ஐந்து வயது முடிந்தது, ஒன்றாம் வகுப்பு. தொடாவிட்டால் அடுத்த வருடம் வா. என்னையும் அப்படித்தான் சேர்த்தார்கள். என் வாத்தியாரையும் அப்படித்தான் சேர்த்திருப்பார்கள்.

"பாப்பா, கையைத் தலைக்கு மேலே போட்டுக் காதைத் தொடு" என்றேன்.

தொட்டாள். தொட்டதோடு நிற்கவில்லை. கை காதைத் தாண்டிக் கீழே வந்து தாடையைச் சொறிந்தது. அப்படி ஒரு கையை நான் எந்தப் பிள்ளையிடமும் பார்த்ததில்லை. குரங்குக்கு இருப்பதுபோல.

"அஞ்சு" என்று எழுதப் போனேன்.

"சார், அது வயசு இல்ல. கை நீளம்" என்றாள் இந்திராணி டீச்சர். "பெத்தவளே நாலுங்குறா."

"காது தொட்டாச்சு டீச்சர்."

"காதத் தொட்டா? கழுத்தச் சுத்திக்கிட்டு முதுகையும் தொடும்போல இருக்கு."

இந்திராணி டீச்சர் என்று நான் சொல்வது என் மனைவியை. எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. நான் தலைமையாசிரியர், அவள் உதவி ஆசிரியை. பள்ளியில் நான் அவளை டீச்சர் என்பேன், அவள் என்னை சார் என்பாள். நாள்பட நாள்பட வீட்டிலும் அதுவே நின்றுவிட்டது. அடுப்படியில் நின்றுகொண்டு "சார், உப்புப் பார்த்துச் சொல்லுங்க" என்பாள். ஊரில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அந்த வருடம் பள்ளியில் ஒரு தலை குறைந்தாலும் இரண்டாவது ஆசிரியர் பணியிடம் போய்விடும் என்ற நிலைமை. டீச்சரை உபரி என்று காட்டி வத்திராயிருப்புப் பக்கம் தூக்கிப் போட்டிருப்பார்கள். இரண்டு பேரும் ஒரே பள்ளியில் சேர்வதற்கு நான் ஆறு வருடம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியிருந்தேன். அது வேறு விஷயம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காது தொட்டது, ஐந்து என்று எழுதினேன். பிறந்த தேதி 1-6-1999. சான்றிதழ் இல்லாத பிள்ளைகள் எல்லாருக்கும் ஜூன் ஒன்றாம் தேதிதான். என் பதிவேட்டின்படி பாதி ஊர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தது. அதைப் பொய் என்று யாரும் சொன்னதில்லை. வழக்கம்.

சேர்த்துவிட்டேனே தவிர, அந்தப் பிள்ளையால் எனக்கு நிம்மதி போயிற்று. அது கையில் எது இருந்தாலும் எறியும். சாக்பீஸ், புளியங்கொட்டை, பக்கத்துப் பிள்ளையின் செருப்பு. டீச்சர் என்ன செய்வாள், கண்டிப்பாளா? மாட்டாள். மதியம் பிள்ளைகளுக்கு முட்டை போடுகிற நாளில் காக்காய் வந்து கொத்தும். "ஈஸ்வரி, நீ சுவத்தோரமா உக்காரு, காக்கா வந்தா பாத்துக்க" என்று அவளுக்குத் தனியாக உத்தியோகம் கொடுத்து வைத்திருந்தாள்.

அவள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். இதை எந்த டிவியும் போடவில்லை. எங்கள் பள்ளிக்கு மணி என்பது ஒரு தண்டவாளத் துண்டு. வேப்ப மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். ஒரு தட்டுத் தட்டினால் பாடவேளை முடிந்தது. நிறுத்தாமல் தட்டினால் வீட்டுக்குப் போகலாம். ஒரு நாள் பிற்பகல் இரண்டே முக்கால் மணி. தண்டவாளத்தின் மேல் ஒரு காக்காய் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பிள்ளை அடிபம்பு பக்கத்தில் நிற்கிறது, முப்பது தப்படி தூரம். ஒரு கல்லை விட்டது. காக்காய் பறந்துவிட்டது, கல் தண்டவாளத்தில் பட்டு 'டங்' என்றது. சத்தம் பிடித்துப்போயிற்று அதற்கு. மறுபடி எறிந்தது. மறுபடி 'டங்'. மடியில் வைத்திருந்த கல் தீர்கிறவரைக்கும் எறிந்தது.

நீள மணி கேட்டதும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். நான் வெளியே வந்து தடுப்பதற்குள் பள்ளி காலி. அந்த நேரம் பார்த்து கல்வி அதிகாரி ஏ.இ.ஓ.வின் ஜீப் வந்து நின்றது. பிற்பகல் மூன்று மணிக்கு ஆய்வுக்கு வந்தவர் பார்த்தது என்ன? இரண்டு ஆசிரியர்கள், ஒரு பிள்ளை.

"என்ன குருவையா, இன்னிக்கு ஊர்ல திருவிழாவா?" என்றார்.

எனக்கு மெமோ வந்தது தம்பி. என் பணிக்காலத்தில் வந்த ஒரே மெமோ. ஒரு பொட்டைப்பிள்ளை எறிந்த கல்லுக்கு நான் எழுத்தில் விளக்கம் கொடுத்தேன். மறுநாள் அதை வெயிலில் முட்டி போட வைத்தேன். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, டீச்சர் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"டீச்சர், என் உத்தரவு இல்லாம கூட்டிட்டுப் போறீங்க."

"ஒம்பது கல்லு சார்" என்றாள். "ஒண்ணுகூடத் தப்பல. நீங்க எண்ணினீங்களா?"

"மெமோ எனக்கு டீச்சர். கல்லை எண்ணுறதுக்கு எனக்கு நேரமில்ல."

"நான் எண்ணினேன்" என்றாள். பள்ளியே ஓடுகிறது, இவள் நின்று கல்லை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஐந்தாம் வகுப்பு முடித்து அது சாத்தூரில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குப் போனது. சனி விட்டது என்று இருந்தேன். விடவில்லை. பள்ளி விட்டதும் அது ஆத்தாளோடு பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிக்காய் விற்கும். அங்கேதான் இந்தப் பேஸ்பால் சனியன் பிடித்தது. அதையும் நேரில் பார்த்தவன் நான் ஒருவன்தான். பேப்பரில் 'ஓடும் பஸ்ஸில் வெள்ளரிக்காய் எறிந்த வீராங்கனை' என்று படம் வரைந்து போட்டார்கள். பஸ் வரைந்தார்கள், வெள்ளரிக்காய் வரைந்தார்கள், என் சட்டையை வரையவில்லை.

நான் சம்பளப் பட்டியல் வேலையாகப் போய்விட்டு ஊருக்குத் திரும்புகிறேன். வெள்ளைச் சட்டை, அன்றைக்குத்தான் தேய்த்துப் போட்டது. பஸ் நகர்ந்துவிட்டது. எனக்கு முன் சீட்டில் ஒருவன் ஜன்னல் வழியாக "ஒரு பொட்டலம் குடு, ஒரு பொட்டலம் குடு" என்று கத்தினான். அவ்வளவுதான். எங்கிருந்தோ ஒரு பொட்டலம் ஜன்னலுக்குள்ளே பறந்து வந்தது. அந்தக் கோழை குனிந்துகொண்டான். அது என் நெஞ்சில் வந்து விழுந்து வெடித்தது. உப்பு, மிளகாய்ப்பொடி, வெள்ளரிக்காய். பஸ்ஸே சிரித்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று "யார் எறிஞ்சது?" என்றார். நமக்காகச் சண்டை போடப் போகிறார் என்று நினைத்தேன். டைம்கீப்பர் பக்கத்தில் பஸ் நின்றதும் இறங்கி அவளிடம் ஓடினார்.

அவர்தான் ஞானதுரை. அவள் பள்ளியிலேயே புதிதாக வந்திருந்த பி.டி. வாத்தியார். நானும் இறங்கிப் போனேன், சட்டைக்கு நியாயம் கேட்க.

"பாப்பா, அந்த ஜன்னல்ல கம்பி இருந்துச்சே. எப்படிப் போட்ட?" என்று கேட்கிறார்.

"ரெண்டு கம்பிக்கு நடுவுல சார்" என்கிறது அது.

"பஸ் ஓடுதே?"

"பஸ் எங்க போகும்னு தெரியும்ல சார். அங்க போட்டேன்."

"என் சட்டை தெரியலையா உனக்கு?" என்று நான் கேட்டேன்.

"நான் அவருக்குத்தான் போட்டேன் சார், அவரு குனிஞ்சுட்டாரு" என்றது. தவறு குனிந்தவனுடையதாம். ஞானதுரை என் பக்கம் திரும்பி, "சார், அது சரியாத்தான் போட்டுச்சு" என்கிறார். என் நெஞ்சில் மிளகாய்ப்பொடி எரிகிறது, இரண்டு பேரும் நின்று எனக்குக் கணக்குச் சொல்கிறார்கள்.

பேஸ்பால் இந்த ஊருக்கு வந்த லட்சணத்தையும் கேளுங்கள். கபடி என்றால் முப்பது பள்ளி வரும். கோகோ என்றால் நாற்பது வரும். பேஸ்பாலுக்கு மூன்று பள்ளிதான் வரும். அதனால் மாநில அணிக்குப் போவது சுலபம், சர்டிபிகேட் கிடைக்கும், பின்னால் காலேஜில் இடம் கிடைக்கும். அதற்காக ஞானதுரை அந்த விளையாட்டைப் பிடித்தார். அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். இதுதான் அதன் பிறப்பு. இப்போது கனவு, தவம் என்று எழுதுகிறார்கள். சீ.

ஆனால் பிள்ளை எறிந்தது. அதை மறுக்க மாட்டேன், நான் பொய் சொல்கிறவன் இல்லை. அறுபது அடி தூரத்தில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு அதில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டைக்குள் எறியச் சொல்வாராம். சாயங்காலம் ஒரு தடவை டீச்சர் என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். கை பின்னால் போகும்போது விரல் தரையைத் தொடுவதுபோல் இருந்தது. "பாத்தீங்களா சார், நம்ம புள்ள" என்றாள். நம்ம புள்ளயாம். எங்களுக்குப் பிள்ளை கிடையாது தம்பி. அதற்காக வெள்ளரிக்காய்க் கூடையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வதா?

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். அந்த வருடம் மாநில அணிக்குத் தேர்வு வந்தது. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்கள். ஞானதுரை அவளுடைய சான்றுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். என் பதிவேட்டுத் தேதிப்படி ஏழு மாதம் கூடிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் சீனியம்மாளும் இங்கே வந்தார்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் அவர் உட்கார்ந்தார். சீனியம்மாள் கீழே உட்கார்ந்தாள், பக்கத்தில் ஒரு பை வெள்ளரிக்காய். பிள்ளை உள்ளே வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றது.

"சார், ஒரு லெட்டர் போதும்" என்றார் ஞானதுரை. "சேர்க்கும்போது உத்தேசமா எழுதின தேதி, உண்மையில ஒரு வயசு குறைவுன்னு. உங்க சீல், உங்க கையெழுத்து. மிச்சத்த நான் பாத்துக்குறேன்."

"எழுதினதை அடிக்கிற பழக்கம் எனக்கு இல்ல" என்றேன்.

"நான் அன்னிக்கே நாலுன்னு சொன்னேனே சார்" என்றாள் சீனியம்மாள். "நீங்கதான் காதத் தொடச் சொன்னீக."

"தொட்டாளா இல்லையா?"

"தொட்டா."

"அப்புறம் என்ன?"

"இந்த வருசம் விட்டா அடுத்த பிரிவுல பெரிய பிள்ளைகளோட மோதணும் சார்" என்றார் ஞானதுரை. "அதுக்குள்ள இவங்க இத வேலைக்கு அனுப்பிருவாங்க. தீப்பெட்டி ஆபீஸ்ல ஏற்கெனவே கேட்டு வச்சிருக்காங்க. இந்த ஒரு வாய்ப்புதான்."

சீனியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்? எனக்கு ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. 'இந்தத் தேதி தவறு' என்று நானே எழுதிக் கொடுத்தால், மற்ற ஜூன் ஒன்றாம் தேதிகள் என்னவாயின என்று கேட்க மாட்டார்களா? அந்த வருடச் சேர்க்கை எண்ணிக்கையைத் தோண்டினால்? நான் பயந்து மறுத்தேன் என்று நினைக்காதீர்கள். நேர்மை. பதிவேடு என்றால் பதிவேடு.

டீச்சர் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "சார், புள்ளைக்கு நாலு வயசுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றாள். வெளியாள் முன்னால் சொல்கிறாள்.

"டீச்சர், உள்ள போங்க."

"எதுக்காக அஞ்சுன்னு எழுதினீங்கங்கறதும் எனக்குத் தெரியும்."

"உள்ள போங்கன்னேன்."

போய்விட்டாள். அவர்களும் எழுந்தார்கள். வெள்ளரிக்காய்ப் பையை வைத்துவிட்டுப் போகப் பார்த்தாள் சீனியம்மாள். லஞ்சம். நான் கேட் வரைக்கும் கொண்டுபோய் அந்தப் பிள்ளை கையிலேயே கொடுத்தேன். அது வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தது. அழவில்லை. அழுதிருந்தால்கூட ஒரு மரியாதையாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் பேப்பரில் அணிப் பட்டியல் வருகிறது, அவள் பெயர் இருக்கிறது. ஞானதுரை எங்கேயோ தில்லுமுல்லு செய்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டது. நான் கேட்கவில்லை. கேட்டால் நானும் அதில் கலந்தவன் ஆகிவிடுவேன். டீச்சரிடம் பேப்பரைக் காட்டி, "பாத்தீங்களா உலகத்தை" என்றேன். "பாத்தேன்" என்றாள். அந்த நாளிலிருந்து அவள் என்னை சார் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். 'இந்தாங்க', 'கேக்குதா' அவ்வளவுதான். வயதாக ஆக மரியாதை குறைந்துபோகும், பெண்களிடம் அது உண்டு.

இன்றைக்குத்தான் நீங்கள் கொண்டுவந்த நகலில் அந்தத் தில்லுமுல்லைக் கண்ணால் பார்க்கிறேன். என் சீல் மாதிரியே செய்திருக்கிறான். சிவகாசி பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே எதைத்தான் அச்சடித்துத் தர மாட்டார்கள்? நிச்சயம் போலி சீல். ஏனென்றால் என் சீல் பள்ளி பீரோவில் பூட்டியிருந்தது. சாவி டீச்சர் இடுப்பில். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள். ஆகவே வெளியாள் எடுத்திருக்க வழியே இல்லை, எழுதிக்கொள்ளுங்கள், இல்லை, பிறகு எழுதுங்கள்.

கையெழுத்தும் லேசுப்பட்ட வேலை இல்லை. 'கு'வின் சுழியை இழுத்து அடியில் கோடாக விடுவேன். அதை அப்படியே போட்டிருக்கிறான். எனக்குத் தெரிந்து என் கையெழுத்தை இப்படிப் போடக்கூடியது டீச்சர் ஒருத்திதான். நான் ஆபீஸுக்குப் போகிற நாட்களில் சத்துணவுப் பதிவேட்டில் என் பெயரை அவள்தான் போடுவாள். எது அவள் போட்டது, எது நான் போட்டது என்று எனக்கே தெரியாது. அது நிர்வாக வசதிக்காக. எல்லாப் பள்ளியிலும் உண்டு. ஞானதுரை எங்கே பழகினானோ.

டீச்சர் போய் நாலு வருடம் ஆகிறது. சிறுநீரகம். கடைசி நேரத்தில் அந்தப் பிள்ளை எங்கேயோ பயிற்சி முகாமில் இருந்து வந்து இரண்டு நாள் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. படம் எடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். படம் எடுக்கவில்லை. மூத்திரப் பையை மாற்றினாள், தலை வாரிவிட்டாள். சொந்தக்காரர்கள் ஒருவரும் செய்யாததை ஊரான் பெற்றது செய்கிறது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டாம் நாள் காலையில் நான் கஞ்சி கொண்டுபோகிறேன், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சாகப் போகிறவள் சிரிக்கிறாள்.

"என்ன சிரிப்பு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல சார்" என்றாள் டீச்சர். எவ்வளவோ நாளைக்குப் பிறகு சார் என்றாள். "உங்க கையெழுத்து எவ்வளவு லட்சணமா இருக்கும்னு பாப்பாட்ட சொல்லிக்கிட்டிருந்தேன்."

அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டது. நீங்களே சொல்லுங்கள் தம்பி, அதில் சிரிக்க என்ன இருக்கிறது? என் கையெழுத்தில் என்ன...

என்ன, ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

சாவியா? டீச்சரிடம்தான் என்று சொன்னேனே. வேறு சாவி கிடையாது.

இருங்கள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

நீங்களும் குடிக்கிறீர்களா? வேண்டாமா, சரி. அந்த நகலை இப்படிக் கொடுங்கள்.

ஒரு விவரம் கேட்கிறேன், சும்மா தெரிந்துகொள்வதற்கு. 'இல்லை' என்று நான் எழுதிக் கொடுத்தால் அதோடு முடிந்துவிடுமா? முடியாது. போட்டது யார் என்று பார்ப்பீர்கள். போலீஸுக்கும் போகும். சரி. சீல் யார் பொறுப்பில் இருந்தது என்று கேட்பார்கள். அந்த ஆள் உயிரோடு இல்லை என்றால்? அப்போதும் பெயரை எழுதுவீர்களா? பெயர், பதவி, பணிபுரிந்த பள்ளி, எல்லாம். பேப்பரில் வருமா? வரும். இந்தப் பிள்ளை விஷயத்தில் எதைத்தான் விட்டார்கள். பேனர் வைத்த பதினேழு பேரும் டீக்கடையில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார்கள். மீசைக்காரன் அதற்கும் ஒரு கதை சொல்வான்.

பேனாவைக் கொடுங்கள்.

கொடுங்கள் தம்பி. இதுவரை நீங்கள் ஒன்றும் எழுதவில்லை அல்லவா? நல்லது. வெயிலில் கிழவன் ஏதோ உளறினான். தாளில் இருப்பதுதான் பதில். இந்தக் கட்டத்திலா? 'ஆம். மேற்படி கையெழுத்து என்னுடையது.' எழுதியாயிற்று. தேதி போட்டிருக்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க மாதிரிக் கையெழுத்து மூன்றா? போடுகிறேன். இதைப் பாருங்கள், எழுபதை நெருங்கிய கை, கோணிக்கொண்டு போகிறது. நகலில் இருப்பதையும் பாருங்கள். பார்த்தால் அதுதான் என்னுடையது மாதிரி இருக்கிறது, இதுதான் எவனோ போட்டது மாதிரி இருக்கிறது. என்ன அசிங்கம். பரவாயில்லை, வயது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கமும் உண்டா? ஒரு கேள்விதான் என்று சொன்னீர்களே.

'கடிதத்தில் உள்ளது சரியெனில், சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதியைத் தவறாக எழுதியவர் யார்? காரணம் என்ன?'

சரிதான். அது சரியென்றால் இது தவறுதானே. இதை நான் யோசிக்கவில்லை.

பெயரை எழுதிவிட்டேன். ச. குருவையா, தலைமையாசிரியர், ஓய்வு. காரணத்துக்கு எதற்கு இவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்கள்? அரைப் பக்கம். 'வழக்கப்படி' என்று எழுதட்டுமா? ஒத்துக்கொள்ள மாட்டார்களா? காது தொட்டது என்று எழுதட்டுமா?

இல்லை. அது இல்லை. பெற்றவள் நாலு என்று சொன்னாள், பக்கத்திலிருந்தவள் நாலு என்று சொன்னாள், என் கண்ணுக்கும் நாலுதான் தெரிந்தது. 'என் மனைவியை என்னிடமிருந்து வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்பதால்.' இதை அலுவலகத் தாளில் எப்படி எழுதுவது தம்பி? முப்பத்தாறு வருடம் எழுதினேன், இப்படி ஒரு வாக்கியம் எழுத வந்ததில்லை. படிக்கிறவனுக்கு எப்படி இருக்கும்? எனக்கே கூசுகிறது.

பஸ்ஸுக்கு நேரமானால் அடுத்த பஸ்ஸில் போங்கள். 'என் மனைவியை' வரைக்கும் எழுதியாயிற்று, மிச்சம் இருக்கிறது. சீ, என்ன காற்று இது. தாளை அந்தப் பக்கம் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.